ஆயிரத்து முப்பத்தேழு

இருவரில் ஒருத்தி திருடி. அது தன் மகளாக இருந்துவிடக் கூடாதே என்று பேராசிரியர் கும்பிடாத தெய்வமில்லை.

கம்ப்யூட்டர் தேர்வில் மகளும் அவள் தோழியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். ஆயிரம் என்று வர வேண்டிய இடத்தில் இருவரும் 1037 என்று போட்டிருப்பதாகப் புகார். பார்த்து எழுதியவர் கல்லூரியை விட்டு வெளியே. யாரென்று தெரியாவிட்டால் இருவருமே வெளியே. அதுதான் விதி.

விதியை எழுதியவரே நம் பேராசிரியர்தான். சும்மாவா பிள்ளைகள் அவருக்கு ‘ரூல்தடி’ என்று பெயர் வைத்தார்கள்? போன வருடம் இதே விதியைக் காட்டி ஒரு பெண்ணை வெளியே அனுப்பினார். அவளுடைய அப்பா வாசலில் நின்று அழுதபோது ஃபைலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மூன்று மணிக்கு பிரின்சிபால் முன் விசாரணை. இப்போது இரண்டே கால். எதிர் நாற்காலியில் மகள், அழுது வீங்கிய முகத்தோடு.

“உண்மையச் சொல்லும்மா. யாரு யாரப் பாத்து எழுதினது?”

“யாரும் யாரையும் பாக்கலப்பா. வகுப்புல எழுதிக்கிட்டதத்தான் போட்டோம்.”

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் சொல்றது இதுதாம்மா.”

தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் எழுதிய நிரலை, அதாவது புரோகிராமை, கல்லூரியில் அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது, இயந்திரத்துக்கு மட்டும் புரியும்படி மாற்றிய கோப்புதான். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபங்ஷன் என்ற சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது.

இரண்டு கோப்புகளையும் பிரித்தார். மகள் தானாக யோசித்து எழுதினாள் என்பதற்கு ஒரு துரும்பாவது கிடைக்காதா என்று வரி வரியாகத் தேடினார். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. இரண்டிலும் 1037 குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

கட்டளையைத் தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினார். மணி இரண்டு ஐம்பது. பிரின்சிபால் அறையிலிருந்து ஃபோன் வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று தோன்றியது. அவர் வகுப்பில் வழக்கமாக ஓட்டிக் காட்டும் மாதிரி நிரல். எழுதிய பிரதி எப்போதோ தொலைந்து, கோப்பு மட்டும்தான் மிச்சம். அதையும் பிரித்து வைத்து ஒப்பிட்டால், ஒழுங்காக எழுதிய நிரலுக்கு எது கொஞ்சமாவது நெருக்கம் என்று தெரியுமே.

கட்டளையைத் தட்டினார். ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மூன்றாவதில் 1037.

எந்தக் காலத்திலோ அவசரத்தில் போட்டுவிட்டுத் திருத்த மறந்த எண். அதையேதான் வருடா வருடம் பழக்கத்தில் கவனிக்காமல் போர்டிலும் எழுதிப் போட்டிருக்கிறார்.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என்னுதும்மா. வகுப்புல எழுதினதுன்னு நீ சொன்னது நெஜந்தான். வா, பிரின்சிபால்கிட்ட நானே சொல்லிடறேன்.”

மகள் எழுந்திருக்கவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“போன வருஷம் அந்த அக்காவும் இதையேதாம்ப்பா சொன்னாங்க.”