சனிக்கிழமை வண்டி

“மகன் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த காரு தூசி படிஞ்சு கிடக்குது. நீங்க இந்தத் தகர டப்பாவைத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க!”

நூருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. அன்சார் வாங்கித் தந்த புதுக் காரில் ஏர்கான், ஆட்டோ கியர், பின்னால் பார்க்கக் கேமரா, ஐந்து பேர் தாராளமாக உட்கார இடம், எல்லாம் இருந்தது. பழையதோ அறுபது வயதுக் குட்டி மோரிஸ் மைனர். கண்ணாடியை இறக்கினால் ஃபெடரல் ஹைவே புகை மொத்தமும் உள்ளே வரும். ஆனாலும் சனிக்கிழமையானால் கணவர் நஜ்முதீனுக்கு அதுதான் வேண்டும்.

“அத்தாவுக்கு அந்த ஓட்டை வண்டி மேல என்னதான் ஆசையோ!” நேற்று போனில் அன்சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்புக்குள் இருந்த வருத்தம் பெற்றவளுக்குப் பிடிபடாதா?

“சாயங்காலம் நான் சொல்லிவச்ச ஆளு ஷா ஆலத்துலேருந்து வந்து இதை வாங்கிட்டுப் போயிருவாரு. கடைசி சவாரி, நானும் வரேன்.”

நஜ்முதீன் கதவைத் திறந்துவிட்டார்.

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் முக்காடே நனைந்துவிட்டது. மசாஜ் கடை வாசலில் வெள்ளைக் கோலுடன் கன்னையா நின்றிருந்தார். கண் தெரியாதவர். போன வருடம் பக்கவாதத்தில் நஜ்முதீனின் இடது கால் விழுந்துபோனபோது, மாதக்கணக்கில் பிடித்துவிட்டு நடக்கவைத்த கைகள் அவருடையவை. அவருக்காக நூருன்னிசா துஆ கேட்காத நாளில்லை.

வண்டி நின்றதுமே கன்னையா சிரித்தார்.

“வாங்க பாய்! கியர் சுத்தமா விழுந்துச்சு. ஆனா முக்குல திரும்பும்போது கிளட்ச்சை அரைகுறையா விட்டீங்க. காலு இன்னும் கொஞ்சம் சோம்பேறியா இருக்கு லா.”

“சத்தத்துலேயே காலு தெரியுமா அண்ணே?” நூருன்னிசா வாய்பிளந்தாள்.

“அட, அக்காவும் வந்திருக்கீங்களா! நல்லாத் தெரியும்க்கா. டாக்டரே ஓட்டலாம்னு சொன்னப்புறம்தான், வாராவாரம் கிளட்ச் மிதிச்சு ஓட்டிக்கிட்டு வாங்கன்னு நான் சொன்னேன். ஆட்டோ கார்ல கிளட்ச்சே கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லையே.”

நூருன்னிசா கணவரைப் பார்த்தாள். “இதை அன்சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எந்த வாயால சொல்ல? என் இடது காலுக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதானே அவன் ஆசை ஆசையா வச்சிருந்த பைக்கை வித்து, ஆட்டோ காரா தேடி வாங்கினான். இப்ப பஸ்ஸுல வேலைக்குப் போறான் நூரு. வாங்கினதே தப்புன்னு அவன்கிட்ட சொல்லச் சொல்றியா? பிடிவாதக்காரன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்.”

நூருன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கன்னையாவைப் பார்த்தாள், மோரிஸ் மைனரைப் பார்த்தாள், இருவருக்கும் சேர்த்து மனசுக்குள் நன்றி சொன்னாள். போனை எடுத்து, ஷா ஆலம் ஆளை வர வேண்டாம் என்றாள்.

அப்புறம் மகனைக் கூப்பிட்டாள்.

“அன்சாரு, பழைய வண்டியை விக்கல. பாவம், அத்தா புதுக் கார்ல போகலாம்னுதான் சொல்றாரு.” நனைந்த முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான்டா சனிக்கிழமையானா இதுல காத்தாடப் போகணும்!”