நாகையா ஆடவில்லை

"மாட்டேன்."

நாகையா சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது.

செயலாளர் தியாகராசாவுக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷம் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். அவர் சொல்லி ஒருத்தன் மாட்டேன் என்றதில்லை. அதுவும் இன்றைக்கா, கண்ணப்பன் முன்னாலா!

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பொறுப்பில் இருந்த நிலையத்துக்கு, மூளை வளர்ச்சி குறைந்த பெரியவர்கள் இருபது பேர் தினமும் வந்து வேலை பழகினார்கள். கிள்ளான், ஸ்ரீ கெம்பாங்கான் என்று மூலைக்கு மூலை போய் அவர்களை ஏற்றி வந்த பழைய வேன் போன மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பாதிப் பேர் வர வழியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். புது வேன் வாங்கித் தரலாமா என்று பார்க்கத்தான் வியாபாரி கண்ணப்பன் குடும்பத்தோடு வந்திருந்தார்.

விருந்தாளி வந்தால் நாகையா ஆடுவான். அது வழக்கம். கேசட்டைப் போட்டால் போதும், இடுப்பை வளைத்து வளைத்து ஆடுவான். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். மனசும் இளகிப்போகும்.

"விளையாடாதை நாகையா. ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆடு."

"மாட்டேன். எனக்குப் புடிக்கல."

தியாகராசா டீச்சரைப் பார்த்தார். சீதாலெட்சுமி டீச்சர் பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறாள். அவள் ஒரு அதட்டல் போட்டால் ஆடிவிடுவான்.

அவள் அதட்டவில்லை. "சரி நாகையா. புடிக்கலன்னா வேணாம். போய் உக்காருங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் தியாகராசாவுக்குத் தாங்கவில்லை. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, டீச்சரை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன டீச்சர் இது? ஆக்களுக்கு முன்னால மானம் போச்சு. நீங்கள் ஒரு வார்த்தை கண்டிக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்!"

"மன்னிச்சிருங்க சார். அடக்க முடியல."

"வேன் கிடைக்காட்டி என்ன செய்யிறது? எதிர்த்துக் கதைக்கத்தானோ அவனுக்கு இவ்வளவு காலமும் பழக்கினனீங்கள்?"

"ஆமா சார். அதத்தான் பழக்குனேன்."

அவள் கண் கலங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னால மேருவுல ஒரு பலகை ஃபேக்டரில நாகையாவுக்கு வேலை வாங்கிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு. மெஷினுக்குள்ள கையை விட்டு ரெண்டு விரல் போச்சு. அவன்ர கவனக்குறைவு எண்டு ஃபேக்டரிக்கு நான்தானே கடிதம் எழுதினனான்."

"கவனக்குறைவு இல்ல சார். பலகை மாட்டிக்கிச்சு, கைய விட்டு எடுடான்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. நாகையாவுக்கு பயம். இருந்தாலும் சரின்னு விட்டுட்டார். யார் எது சொன்னாலும் சரி. அவருக்குத் தெரிஞ்ச பதில் அது ஒண்ணுதான். நாமளும் அதத்தானே நல்ல பிள்ளை, சொன்ன பேச்சு கேக்குதுன்னு பாராட்டிக்கிட்டிருந்தோம்?"

தியாகராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கு ஆரம்பிச்சேன் சார். தினமும் காலைல ஒரு கப் தேத்தண்ணில அவர் கண் முன்னாலயே உப்ப அள்ளிப் போடுவேன். 'குடிக்கிறீங்களா நாகையா?'ம்பேன். சரின்னு கைய நீட்டுவார். கப்பைப் பிடுங்கி வச்சிட்டு, 'மாட்டேன்னு சொல்லுங்க'ம்பேன். மறுநாளும் சரிம்பார். மூணு வருஷம் சார்! ஒரு தடவைகூட அவர் வாயிலருந்து அது வரல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் வந்துச்சு. அதுவும் உங்ககிட்ட. இங்க அவர் ரொம்ப பயப்படுறது உங்களுக்குத்தான் சார்."

தியாகராசா ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாகையா அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக அவனை ஆடச் சொன்னாரே, ஆடப் பிடிக்குமா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

வேன் அவர் நினைவுக்கு வந்தது. வீட்டில் கிடக்கிற பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

கண்ணப்பன் கேமராவும் கையுமாக நின்றார்.

"என்ன செக்ரட்டரி, பையன சமாதானம் பண்ணியாச்சா? ஆடச் சொல்லுங்க லா. பிள்ளைங்க காத்திருக்காங்க."

தியாகராசா நிமிர்ந்து நின்று சொன்னார்:

"பையன் இல்லை ஐயா, முப்பத்திநாலு வயசு. அவருக்கு ஆட விருப்பமில்லையாம்."