எலுமிச்சைக்கு நின்ற வண்டி

கேளுங்கள் கண்ணுகளா. தாமாகவே ஓடும் இரண்டு குட்டி எஸ்யூவி கார்கள், வெள்ளையும் நீலமும், ஒன்றை வாங்குமுன் வெள்ளோட்டம் பார்க்கத் தில்லைநாயகி வீட்டு வாசலில் நின்றன. தவழும் மகள் நிழல் கண்ட இடமெல்லாம் நுழைந்துவிடுவாளே என்பதுதான் அவளுக்குப் பயம்.

கணவன் குமரகுரு இரண்டின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். வெள்ளை வண்டி அதை நசுக்கிக்கொண்டு ஜோராகக் கிளம்பியது. நீலம் அசையவில்லை.

“சக்கரத்துக்கு அடியில ஏதோ இருக்குங்க. எடுத்தாத்தான் நகருவேன்” என்றது.

“சகுனமே சரியில்ல. வெள்ளையவே வாங்கிருவோம்” என்றான் குமரகுரு.

“ஏங்க, ஒரு பழத்த மிதிக்கவே மனசு வராத வண்டிங்க இது” என்றாள் தில்லைநாயகி.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் தவழ்ந்துபோய், நீல வண்டிக்கடியில் அந்தப் பழத்தைப் பிடித்துவிட்டாள். பெற்றவர்கள் பதறி ஓடினார்கள்.

“பாப்பா இங்கதான் இருக்கு. நான் நகரமாட்டேன், மெதுவா வாங்க” என்றது வண்டி.

குமரகுரு மகளை வாரியெடுத்துத் தில்லைநாயகியிடம் கொடுத்தான். நீலத்துக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் குழைத்தான்.