மூன்றாவது மனுவின் படம்

குடியுரிமை கேட்டுப் போனபோதுகூட என் தந்தையார் தலைப்பாகையைக் கழற்றவில்லை. எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இதைச் சொல்லி வந்தவன் நான்தான். இப்போது தம்பி மகள் பிரேமகலாவின் குடியுரிமை மனுவுக்கு என் தந்தையாரின் குடியுரிமைச் சான்றிதழின் நகல் தேவைப்பட்டது. மூத்த மகன் கையெழுத்திட்டால்தான் தருவார்கள் என்பதால் அவளையும் அழைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

கோப்பில் மூன்று மனுக்கள் இருந்தன. முதல் மனுவின் படத்தில் தலைப்பாகையும் திருநீறுமாக இருந்தார், நிராகரித்திருந்தார்கள். இரண்டாவதில் தலைப்பாகை இல்லை, அதையும் நிராகரித்திருந்தார்கள். மூன்றாவதில் மீசையும் இல்லை, நெற்றியும் வெறுமையாக இருந்தது. ஏற்பு முத்திரை அதன்மேல்தான் விழுந்திருந்தது.

“சான்றிதழ் மட்டும் போதும்,” என்றேன்.

“படம் ஒட்டின பக்கங்க இல்லாம செல்லாதுங்க ஐயா. மூணும் சேர்ந்துதான் வரும். வேணாம்னா கோப்பை மூடிடவா?” என்றார் எழுத்தர்.

பிரேமகலா மூன்றாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரியப்பா, இதுலதான் தாத்தா அப்படியே உங்கள மாதிரி இருக்காரு. வீட்டுல மாட்டியிருக்கிற படத்துல யாரோ ஜமீன்தாரு மாதிரில்ல இருக்காரு.”

எழுத்தர் நகல் கோரும் படிவத்தை நீட்டினார். என் பெயரை எழுதினேன். கோப்பில் உள்ளவருக்கு நான் என்ன உறவு என்று அடுத்த கட்டம் கேட்டது. மூன்று படங்களும் மேசைமீது வரிசையாகக் கிடந்தன. மூன்றாவதைப் பார்த்தபடி, ‘மகன்’ என்று எழுதினேன்.