பதினோரு தடங்கள்

புல்தரையில் யாரோ நடந்திருந்தார்கள்.

நேற்று இன்று நடந்ததல்ல. தடங்கள் புல்லிலேயே மஞ்சளாகக் காய்ந்திருந்தன. வாசல்படிக்கு அடியில் தொடங்கி மதில் பக்கமாகப் போயின.

அவள் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே குந்தி உட்கார்ந்தாள்.

களைக்கொல்லி அடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. படியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது. பிடுங்கப் பிடுங்க வந்தது. கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். கடைக்காரர் கொடுத்த மருந்து பச்சையாக எது இருந்தாலும் கொல்லும், நல்ல புல்லையும் சேர்த்து. கோரையின் மேல் மட்டும்தான் படவேண்டும்.

அன்று காலை கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, ஐந்து லிட்டர் கைத்தெளிப்பானில் கலந்தாள். சன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டப்பாவின் பொடி எழுத்தைப் படித்துச் சொன்னார்.

"முதல்ல பாதி தண்ணி. அப்புறம் லிட்டருக்குப் பத்து மில்லி மருந்து. மீதித் தண்ணி கடைசியில. தெளிச்ச இடத்துல காயற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாதாம்."

அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஐம்பது மில்லியைச் சிரிஞ்சில் சொட்டுப் பிசகாமல் அளந்தாள். காற்று இல்லை. குழாய் முனையைத் தரையை ஒட்டிப் பிடித்து, கோரை நனையும் அளவுக்கு மட்டும் அடித்தாள். நல்ல புல்லில் ஒரு துளி சிந்தவில்லை. பிறகு கேட்டைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஆக, மருந்து காய்வதற்குள் யாரோ கோரையை மிதித்திருக்கிறார்கள். செருப்பில் ஒட்டிய ஈரம் அடிக்கு அடி புல்லில் இறங்கியிருக்கிறது.

யார்?

கேஸ் சிலிண்டர் போடுகிறவரா? கேட் பூட்டியிருந்தது. பூனைக்கு இவ்வளவு பெரிய பாதம் கிடையாது. தானேதானோ என்று ஒரு தடத்தின் மேல் தன் காலை வைத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

இடது தடம் முழுசாக இருந்தது. வலது தடம் தடமாகவே இல்லை, ஒரு நீளக் கோடு. காலைத் தூக்காமல் இழுத்த கோடு. ஒவ்வொரு இடது தடத்துக்குப் பக்கத்திலும் ஒரு வட்டப் பொட்டு.

வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு மறுபடி பார்த்தாள்.

கைத்தடி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். முப்பது வருடம் பஸ் ஓட்டிப் பிரேக்கை மிதித்த வலது கால் இழுத்துக்கொண்டது. நடக்கப் பயிற்சி கொடுக்க வந்தவரை மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார். தான் விழுந்ததை அந்த ஆள் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவள் வாங்கி வந்த கைத்தடி கதவுக்குப் பின்னால் நின்றது. அதை அவர் தொட்டு அவள் பார்த்ததில்லை.

கால் வைக்கக் கூடாதென்று படித்துச் சொன்னவரே முதல் ஆளாகக் கால் வைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிலும் பார்த்தபோது அது நின்றுவிட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடம். விழுந்து கூப்பிட்டிருந்தாலும் குளியலறைக்குள் கேட்டிருக்காது.

தடங்களை எண்ணினாள். ஒன்றைவிட ஒன்று வெளிறிக்கொண்டே போய், பதினொன்றோடு நின்றுவிட்டன. அங்கேயே திரும்பினாரா, இல்லை, செருப்பில் மருந்து தீர்ந்துபோனதா? புல்லைக் கோதிக் கோதிப் பார்த்தாள். தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை நாள் இப்படி நடந்தார், எவ்வளவு தூரம் என்றும் தெரியவில்லை.

உள்ளே போனாள். அப்பா சன்னலோரம் பேப்பரை விரித்து வைத்திருந்தார். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"அப்பா, தலைக்குக் குளிக்கப் போறேன். இன்னைக்குக் கொஞ்சம் நேரமாகும்."

நேற்றுத்தான் தலைக்குக் குளித்திருந்தாள். அப்பா அவள் கூந்தலை ஒருமுறை பார்த்தார். பிறகு பேப்பரைப் புரட்டினார்.

"மெதுவாவே குளி."

குளியலறையில் அவள் ஒரு வாளியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

கதவைத் தாழிடவில்லை.