மேடம் வாங்கிக் கொடுத்த நோட்டு

போன் எடுக்கும் பெண்ணின் மதிப்பீட்டு ஃபாரத்தில், 'ஞாபக சக்தி' என்ற கட்டத்தில் 'மிகக் குறைவு' என்று எழுதினார் சூப்பர்வைசர். ஆறு மாதம் பொறுத்ததே பெரிய விஷயம்.

கையெழுத்துப் போடுவதற்குள் போன் அடித்தது. அந்த ஃபாரத்தை ஓரமாகத் தள்ளினார். அதன் மேல் ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஆபீஸ் அது. இருநூறு கட்டடம், பதினோரு மெக்கானிக், மூன்று போன். எந்த லிஃப்டில் எந்த போல்ட் லூஸ் என்பது வரை சூப்பர்வைசர் அம்மாவுக்கு மனப்பாடம் என்று பேர். இருபத்தாறு வருஷமாக எதையும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கிறவர்களுக்குத்தான் மறக்கும் என்பார்.

போன் எடுக்கும் பெண் நேர் எதிர். எதையும் திரும்பக் கேட்பாள். மெக்கானிக்குகள் அவளுக்கு 'இன்னொரு தடவை' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளைத் திருத்தப் பார்க்காமலும் இல்லை. அவள் சேர்ந்த வாரமே சூப்பர்வைசர் ஒரு நீல நோட்டு வாங்கிக் கொடுத்தார். காலையில் வந்ததும் வேலைகளை வரிசையாக எழுது, முடிந்ததை அடித்துவிடு, ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே என்று பாடம் எடுத்தார். அவளும் எந்நேரமும் குனிந்து எழுதிக்கொண்டுதான் இருந்தாள். கேள்வி மட்டும் குறையவில்லை. விழலுக்கு இறைத்த நீர்.

இன்றோடு அவளுக்கு ஆறு மாதம் முடிகிறது. ஐந்து மணிக்குத் தலைமை ஆபீஸ் தபால் பை கிளம்பும். இப்படி எழுதிய ஃபாரம் அதில் போனால் அவள் வேலை போய்விடும். போகாவிட்டால் வேலை தானாக நிரந்தரம், அனுப்பாத சூப்பர்வைசருக்கு மெமோ. போன வருஷம் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் நாற்காலி ஆடும்.

வேலை நிரந்தரமானால் சித்தி வீட்டில் விட்டிருக்கும் மகளைக் கூட்டி வந்துவிடலாம் என்று அந்தப் பெண் யாரிடமோ சொன்னது சூப்பர்வைசர் காதிலும் விழுந்திருந்தது. பாவம்தான். பாவம் பார்த்தால் லிஃப்ட் ஓடுமா?

பதினொன்றே கால் மணிக்கு வந்து நின்றாள்.

"மேடம், கண் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு யாரை அனுப்பினோம்? மறந்துட்டேன்."

சூப்பர்வைசர் ஒரு நொடி பேனாவைத் தேடினார்.

"குட்டையனை. ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?"

சொல்லிவிட்டு, அந்த மெக்கானிக் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதாக போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

இரண்டரை மணிக்கு மேஜை மேஜையாக எதையோ தேடினாள். பள்ளிக்கூட லிஃப்ட் சாவியை எங்கேயோ வைத்துவிட்டாளாம். மெக்கானிக் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் பொரிந்து தள்ளினார். பொரிந்துகொண்டே கண்ணாடி எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டவர், சாவியோடு கையை எடுத்தார்.

"நீ கண்ட இடத்துல போடுவேன்னுதான் பத்திரமா வெச்சேன்."

"நல்ல வேளை மேடம்" என்று வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு ஒரே ரகளை. மூன்று போனும் மாறி மாறி அலறின. ஒரு டீயைக்கூட முழுசாகக் குடிக்க முடியவில்லை.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். மறுபடியும் வந்து நின்றாள்.

"மேடம், கேட்க மறந்துட்டேன். என் ஃபாரம் அஞ்சு மணிக்குள்ள போகணும்ல, பையில போட்டாச்சா?"

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு ஃபைலுக்கு அடியில் கிடந்தது ஃபாரம். இழுத்து எடுத்ததும் சிரிப்புதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை நிரந்தரம். அந்த விதிகூட இவளுக்கு ஞாபகம் இல்லை பாருங்கள். எழுதியது சரிதான்.

கையெழுத்துப் போட்டார். சேர்ந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. கேட்கலாம் என்றால் அதற்குள் அவள் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேஜையிலிருந்த நீல நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் என்று எடுத்தார். அது இன்றைய பக்கத்தில் திறந்துகொண்டது.

இடது பக்கம் அன்றைய வேலைகள். ஒன்று விடாமல் எழுதி, எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. வலது பக்கத்துக்கு 'மேடம்' என்று தலைப்பு.

'11.15. கண் ஆஸ்பத்திரிக்கு மேடம் இன்னும் ஆள் அனுப்பலை. யாரை அனுப்பினோம்னு கேட்கணும்.'

'2.30. பள்ளிக்கூட சாவி மேடம் கைப்பையில இருக்கு. நான் தொலைச்ச மாதிரி தேடணும்.'

'4.50. என் ஃபாரம் ஃபைலுக்கு அடியில கிடக்கு. போகலைன்னா எனக்கு வேலை நிரந்தரம். ஆனா மேடத்துக்கு மூணாவது மெமோ. கேட்டுடணும்.'

சூப்பர்வைசர் முந்தின பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்தினதை. ஆறு மாதமும் வலது பக்கம் காலியாகவே இல்லை. முகம் சுட்டது. இந்த ஆறு மாதத்தில் தனக்கு ஏன் ஒரு மெமோகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மேடம், பையைக் கட்டிடவா?" என்றாள் அவள், போனை வைத்துவிட்டு.

"ஒரு நிமிஷம் இரும்மா."

'மிகக் குறைவு' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: 'இந்த ஆபீசின் ஞாபகம் முழுக்க இவளிடம்தான் இருக்கிறது. என்னுடையதும் சேர்த்து.'