களிக்கு ஸ்பூன் கேட்டவன்

"அண்ணே, ஒரு ஸ்பூன் குடுங்க."

பந்தியில் களி உருண்டையை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகரப் போன பச்சியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"ஸ்பூன் எதுக்கு தம்பி?"

"களி திங்கறதுக்குத்தாங்க."

கொல்லென்று சிரித்தது பந்தி.

குழம்பு வாளியோடு எதிரே நின்ற நிர்மலாதேவிக்கு, வாளியைப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. கேட்டவன் அவள் பெற்ற பிள்ளை.

குரு சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். காலேஜிலேயே பார்த்து ஒரு செமஸ்டர் ஜப்பானுக்கு அனுப்பிவைத்தார்கள்; போன வாரம்தான் வூடு வந்து சேர்ந்தான். அவனைச் சொந்தபந்தம் எல்லாம் பார்க்கப்போகும் முதல் விசேஷம் இந்த இண்டூர்க் காதுகுத்துதான்.

அவன் ஜப்பானுக்குப் போகும்போதே நாத்தனார் கோவிந்தம்மாள் கையை நீட்டிச் சொன்னாள். "அனுப்பாத நிர்மலா. போற புள்ள நம்ம புள்ளையாத் திரும்பாது."

"எம்புள்ள நெலாவுக்கே போனாலும் போனபடியேதான் அண்ணி வருவான்" என்று நிர்மலாவும் விட்டுக்கொடுக்காமல் பேசியிருந்தாள். அந்தப் பேச்சுக்குத்தான் இன்றைக்குப் பரீட்சை.

பந்திக்கு உட்காரும் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. எல்லாரையும் கும்பிட்டான். பேர் மறக்காமல் விசாரித்தான். உடம்புக்கு முடியாமல் படுத்து எழுந்ததிலிருந்து, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் "பசியில்லம்மா" என்று ஓரமாக உட்கார்ந்து எழுந்து போய்விடுகிற தன் மாமன் சென்றாயனைக்கூட விடாமல் இழுத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தான்.

"வேண்டாம் மாப்ள, நீ சாப்புடு."

"எனக்குத் தனியா உக்காரக் கூச்சமா இருக்கு மாமா. சும்மா தொணைக்கு உக்காருங்க."

'பார்த்தீங்களா அண்ணி!' என்று நிர்மலா மனசுக்குள் நிமிர்ந்தாள். நிமிர்ந்த தலை குனிவதற்குள்தான் ஸ்பூன் வந்துவிட்டது.

பச்சியப்பன் ஐஸ்கிரீமுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கேழ்வரகுக் களியில் குத்தியதும் அது மளுக்கென்று முறிந்தது. மறுபடியும் ஒரே சிரிப்பு.

"டீக்கடையில எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும், வாங்கியாங்கப்பா! சப்பான் தொர பட்டினி கெடக்கறாரு!" என்று யாரோ கத்தினார்கள். நாலைந்து ஸ்பூன் வந்து இறங்கியது.

குரு ஒன்றை எடுத்தான். எடுத்தானே, அதுவும் எந்தக் கையில்?

"அடி ஆத்தே! பீச்சாங்கையில திங்கறான்டி!" கோவிந்தம்மாள் மோவாயில் கை வைத்தாள்.

"அங்க இப்படித்தாங்க அத்தை."

"அங்க குச்சியிலல்ல திம்பாங்க? டிவியில பாத்தனே!"

"குச்சி இருக்குங்களா அத்தை? குடுங்க, அதுலயே திங்கறேன்."

இடது கையில் தூக்கிய களி, ஸ்பூனை விட்டு வரமாட்டேன் என்றது. உதறினான். அது போய்க் குழம்பில் விழுந்து சட்டையெல்லாம் தெறித்தது. சிறுசுகள் போன் எடுத்து வீடியோ பிடித்தன. சாப்பிட்டவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவனையே வேடிக்கை பார்த்தார்கள். அவனும் சளைக்காமல் அடுத்த உருண்டை கேட்டான்.

கோவிந்தம்மாள் நிர்மலாவின் காதோடு வந்து சொன்னாள். "நெலாவுக்கு வேற அனுப்பியிருந்தா என்னாயிருக்குமோ!"

நிர்மலா வாளியை அங்கேயே வைத்துவிட்டுச் சமையல் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

கை கழுவ வந்தவனை அங்கேயே மடக்கினாள்.

"ஏன்டா, ஒரு செமஸ்டர்ல சோறு திங்கற கையே மறந்துபோச்சா? நேத்து வூட்ல ரெண்டு உருண்டை களிய இந்தக் கையாலதானடா முழுங்குன? இங்க வந்து யாருகிட்டடா இந்தத் தொரத்தனம்? உங்க அத்தை மூஞ்சியில இனி நான் எப்படி முழிப்பேன்?"

"மெதுவாப் பேசும்மா. மாமா இன்னும் சாப்டுட்டு இருக்காரு."

நிர்மலா திரும்பிப் பார்த்தாள்.

பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவள் அண்ணன் மட்டும் எழவில்லை. வாதம் அடித்த வலது கை, துண்டுக்கு அடியில் மடியில் கிடந்தது. இடது கையில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். தலை நிமிராமல், நிதானமாக, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வூட்டில் பெண்டாட்டி ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு என்று ஆகிப்போனதிலிருந்து நாலு பேருக்கு முன்னால் இலையையே தொடாத மனுஷன்.

பச்சியப்பனைக் கூப்பிட்டு, "இன்னொரு உருண்டை வைப்பா, கொழம்பு நல்லா இருக்குது" என்றார்.

நிர்மலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கு அவருக்கு மட்டும் ஒரு ஸ்பூன் வாங்கிக் குடுத்திருந்தாப் பத்தாதாடா? நீ ஏன் கோமாளியாட்டம் கூத்துக் கட்டுன?"

குரு சட்டையில் தெறித்த குழம்பைத் துடைத்தபடி சிரித்தான்.

"அங்க போன புதுசுல, குச்சி பிடிக்கத் தெரியாம மெஸ்ல நானும் 'பசியில்ல'ன்னு பொய் சொல்லிட்டு உக்காந்திருப்பேம்மா. ஒருநாள் பக்கத்துல இருந்த ஜப்பான்காரப் பையன் தன் குச்சியத் தூக்கிப் போட்டுட்டு, கையால சோத்தப் பெசஞ்சு, மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டுத் தின்னான். மெஸ்ஸே அவனப் பாத்துச் சிரிச்சுது. நான் வயிறார சாப்டேன். என்னை ஒருத்தரும் பாக்கலம்மா."